(3, 2), (2, 3): ரெண்டும் ஒன்றில்லை என்று பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. ஆயத்தொலை வடிவியல், அதாவது ரெண்டு எண்ணை வைத்துத் தாளில் புள்ளி வைக்கிற பாடம், ஆரம்பித்து ரெண்டு வாரம் ஆகிறது. நேற்று ராத்திரி கடையிலிருந்து வந்ததும் அவளுடைய வரைபடத்தாளை எடுத்துப் பார்த்தேன். பத்துப் புள்ளியில் ஆறு தப்பு. சிவப்பு மையில் பெருக்கல் குறி மட்டும் போட்டிருக்கிறார்கள். ஏன் தப்பு என்று ஒரு வரி கிடையாது.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது. (3, 2) என்று கேட்டால் (2, 3) இருக்கும் இடத்தில் வைத்திருக்கிறாள். "ரெண்டு நம்பரும் அதேதானே அப்பா, எதை முதலில் எண்ணினால் என்ன" என்கிறாள். அதுபோக, புள்ளியெல்லாம் கட்டத்துக்கு நடுவில் இருக்கிறது, கோட்டின் மேல் இல்லை. (0, 4)ஐ வைக்காமலே விட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "பூஜ்யமாவது கட்டம் எங்கே அப்பா இருக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் பத்தாவதோடு நிறுத்தி ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனவன். கூட்டல் கழித்தல் எல்லாம் வரும். இது மறந்து போச்சு. பிள்ளைக்குக் கணக்கின் மேல் வெறுப்பு வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலப்பாளையத்தான்:

அண்ணாச்சி, ரொம்ப எளிது. தியேட்டர் சீட்டை வைத்துச் சொல்லுங்கள். மூன்றாவது வரிசை, ரெண்டாவது சீட்டு. ரெண்டாவது வரிசை, மூன்றாவது சீட்டு. ரெண்டும் ஒரே இடமா? டிக்கெட்டை மாற்றிப் படித்தால் அடுத்தவர் சீட்டில் போய் உட்காருவோம். என் தம்பிக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், உடனே பிடித்துக்கொண்டான்.

அம்பை வாத்தியார்:

மேலப்பாளையம் தம்பி சொன்னதில் வரிசை மாறக்கூடாது என்கிற பாதி சரி. ஆனால் இந்தப் பிள்ளைக்கு அதையே சொன்னால் இன்னொரு தப்பு இறுகிப்போகும். முப்பத்தோரு வருஷம் இதே பாடத்தை நடத்தியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"பூஜ்யமாவது கட்டம் எங்கே?" என்று உங்கள் மகள் கேட்டது இந்தப் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி. முதலில் அவளைத் தட்டிக்கொடுங்கள். தியேட்டர் சீட்டு, பஸ் சீட்டு, சதுரங்கப் பலகை எல்லாவற்றிலும் நாம் எண்ணுவது கட்டத்தை. கட்டம் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். பூஜ்யமாவது சீட்டு கிடையாது. வரைபடத்தாளில் எண்ணுவது கோட்டை. ரெண்டும் வேறு வேறு எண்ணிக்கை. அவளிடம் யாரும் இதைச் சொல்லாததால் சீட்டை எண்ணுவது போலவே எண்ணியிருக்கிறாள். அவள் கணக்குப்படி பூஜ்யத்துக்கு இடமே இல்லை, அதனால் வைக்காமல் விட்டாள். தெரியாமல் விட்டதாக நினைக்காதீர்கள். யோசித்துத்தான் விட்டிருக்கிறாள்.

ஒரு ஸ்கேலைக் கையில் கொடுங்கள். ஓரத்தில் என்ன எண் இருக்கிறது? 0. முதல் சென்டிமீட்டர் எங்கே இருக்கிறது? 0க்கும் 1க்கும் நடுவில். எண்கள் கோட்டின் மேல் இருக்கின்றன, சென்டிமீட்டர் கோடுகளுக்கு நடுவில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லும் அப்படித்தான், நம்பர் கல்லில் இருக்கும், தூரம் கல்லுக்குக் கல் நடுவில் கிடக்கும். ஸ்கேல் ஒன்றைப் படுக்கவைத்து, இன்னொன்றை நிறுத்தி, ரெண்டின் 0வும் ஒரே இடத்தில் சேரும்படி வையுங்கள். அந்த இடம்தான் ஆதிப்புள்ளி. படுத்திருப்பது எக்ஸ் அச்சு, நிற்பது ஒய் அச்சு.

இப்போது (3, 2). எக்ஸ் அச்சில் 3 என்ற இடத்தில் பென்சிலால் லேசாக ஒரு செங்குத்துக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஒய் அச்சில் 2 என்ற இடத்தில் ஒரு படுக்கைக் கோடு. ரெண்டும் எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் புள்ளி. கட்டத்துக்கு நடுவில் வைக்க வழியே இல்லாமல் போகும். (0, 4)க்கு 0 என்ற இடத்தில் செங்குத்துக் கோடு இழுக்கப் போனால் அது ஒய் அச்சின் மேலேயே விழும், அதில் 4. பூஜ்யத்துக்கு இடம் கிடைத்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு புள்ளியை வைத்த பிறகு அடுத்த புள்ளியை அங்கிருந்தே எண்ணுகிற பிள்ளைகள் உண்டு. ஒவ்வொரு தடவையும் விரல் ஆதிப்புள்ளிக்குத் திரும்பி வர வேண்டும்.

பாளை டியூஷன் அக்கா:

சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் எது முதலில், எது ரெண்டாவது என்பதற்குக் கையில் ஒரு பிடி வேண்டும். நான் என் பிள்ளைகளுக்குச் சொல்வது பனையேறுகிற கதை.

பனையேறுகிறவர் எடுத்த எடுப்பில் ஏறுவாரா? முதலில் தரையில் நடந்து பனை மூட்டுக்குப் போவார். அப்புறம்தான் ஏறுவார். (3, 2) என்றால் மூன்று எட்டு நட, ரெண்டு எட்டு ஏறு. முதல் எண் நடக்க, ரெண்டாவது எண் ஏற. முதல் எண் மைனஸ் என்றால் இடது பக்கம் நட. ரெண்டாவது எண் மைனஸ் என்றால் அங்கே பனை இல்லை, கிணறு இருக்கிறது, இறங்கு. (−4, −3): இடது பக்கம் நாலு நடந்து, கிணற்றில் மூன்று இறங்கு. திசையன்விளை, உடன்குடி பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இதை ரெண்டாவது தடவை சொன்னதே இல்லை.

இதற்கு மேல் காரணம் எல்லாம் விளக்கினால் பிள்ளை குழம்பும் என்பது என் கருத்து. ஒரு வாரம் தினமும் இருபது புள்ளி வைக்கச் சொல்லுங்கள், கை பழகிவிடும். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு எட்டு மதிப்பெண் வரைபடத்துக்கு மட்டுமே இருக்கிறது. அது கை பழகினவர்களுக்கு அப்படியே கிடைக்கிற மதிப்பெண்.

பொருநைக்கரை:

சாருக்கும் அக்காவுக்கும் நன்றி. ஸ்கேல் வைத்துச் செய்ததில் கட்டத்துப் பிரச்சினை அரை மணி நேரத்தில் தீர்ந்தது. (0, 4)ஐ அவளே வைத்தாள். பனையும் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ஒன்று கேட்கிறாள். "முதலில் நடக்கணும்னு யார் சொன்னா? முதலில் ஏறிட்டு அப்புறம் நடந்தா என்ன ஆயிரும்? எல்லாப் புள்ளியையும் மாத்தியே வெச்சா யாருக்கு நட்டம்?" நான் என்ன சொல்ல?

கல்லும் சங்கிலியும்:

நட்டம் யாருக்கு என்று நான் சொல்கிறேன். நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், வீரவநல்லூர் பக்கம்.

வயக்காடு எப்போதும் சதுரமாக இருக்காது. கன்னடியன் கால்வாயை ஒட்டின நிலம் என்றால் ஒரு பக்கம் வாய்க்கால் கரை போகிற போக்கில் வளைந்து வளைந்து போகும். அதை அளப்பது எப்படி? ரெண்டு சர்வே கல்லுக்கு நடுவில் நேராக ஒரு கோடு பிடிப்போம். அந்தக் கோட்டோரமாக நடந்துகொண்டே, கரை எங்கெங்கே வளைகிறதோ அதற்கு நேர் எதிரே நின்று, செங்கோணம் பிடித்து, கரை வரைக்கும் அளப்போம். குறிக்கிறது ரெண்டே எண்: கோட்டில் எவ்வளவு நடந்தோம், அங்கிருந்து பக்கவாட்டில் எவ்வளவு போனோம். நடந்தது முதலில். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதும் முக்கியம், உங்கள் மகளின் பிளஸ் மைனஸ் அதுதான். தாலுகா ஆபீசில் வாங்குகிற புலப்படம் இந்த அளவுகளை வைத்து வரைந்ததுதான்.

ஒரு கணக்கு தருகிறேன், மகளைப் போடச் சொல்லுங்கள். கல்லுக்குக் கல் 60 மீட்டர். 10 மீட்டர் நடந்த இடத்தில் கரை 8 மீட்டர் தள்ளி. 25ல் 14. 45ல் 6. ரெண்டு ஓரத்திலும் கரை கல்லையே தொடுகிறது. ஆக (0, 0), (10, 8), (25, 14), (45, 6), (60, 0). தாளில் வைத்துச் சேர்த்தால் கோட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் வரும். அதை முக்கோணமும் சரிவகமுமாக வெட்டினால்:

முதல் முக்கோணம் 40. அடுத்த சரிவகம் 165. அதற்கடுத்தது 200. கடைசி முக்கோணம் 45. மொத்தம் 450 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், அப்படியானால் பதினோரு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட.

இப்போது நடுவில் உள்ள (25, 14)ஐ மட்டும் (14, 25) என்று மாற்றி வைக்கட்டும். கரை திடீரென்று கூம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பரப்பு 631.5 சதுர மீட்டர், பதினைந்தரை சென்ட்டுக்கு மேல். ஒரே ஒரு புள்ளியை மாற்றி எழுதினதில் நாலரை சென்ட் கூடுகிறது. அந்த நாலரை சென்ட் வாய்க்கால் புறம்போக்கிலோ அடுத்தவர் வயலிலோதான் போய் விழும். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நிற்பது பாதி இடங்களில் இதைவிடச் சின்ன அளவுக்கு.

எல்லாப் புள்ளியையும் சேர்த்து மாற்றினால் என்ன என்று கேட்டாள் அல்லவா? நல்ல கேள்வி. எல்லாவற்றையும் மாற்றினால் பரப்பு அதே 450தான் வரும். ஆனால் நிலம் கண்ணாடியில் பார்த்த மாதிரி புரண்டுவிடும். கிழக்கே போகிற கோடு வடக்கே போகும். பரப்பு சரியாக இருக்கும், நிலம் அங்கே இருக்காது.

உவரிக்காற்று:

அய்யா சொன்னது தரையில். கடலில் கல் கிடையாது, வரப்பு கிடையாது. அங்கே இந்த ரெண்டு எண்தான் எல்லாம்.

எங்க தாத்தா காலத்தில் ஜிபிஎஸ் இல்லை. மீன் நிற்கிற பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, எங்கே என்று தெரிந்துகொள்ள கரையைப் பார்ப்பார்கள். கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலை முகடும் ஒரே நேரில் வருகிற மாதிரி படகை ஓட்டுவார்கள். அது ஒரு கோடு. வேறு திசையில் இன்னும் ரெண்டு அடையாளம் ஒரே நேரில் வரவேண்டும். அது ரெண்டாவது கோடு. ரெண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலையை இறக்கினால் கீழே பார் இருக்கும். வாத்தியார் சார் பென்சிலால் ரெண்டு கோடு இழுக்கச் சொன்னாரே, அதைப் படித்ததும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. ஒரு கோடு மட்டும் தெரிந்தால் போதாது. அந்தக் கோட்டிலேயே எத்தனை மைல் வேண்டுமானாலும் போகலாம், இடம் கிடைக்காது.

இப்போ ஜிபிஎஸ். அதில் ஒரு விஷயத்தைப் பிள்ளைக்கு அவசியம் சொல்லுங்கள். ஜிபிஎஸ்ஸிலும் போன் வரைபடத்திலும் முதலில் வருவது அட்சரேகை, அதாவது வடக்கு தெற்கு. ரெண்டாவதுதான் தீர்க்கரேகை, கிழக்கு மேற்கு. பள்ளிக்கூடப் பாடத்துக்கு நேர் மாறு. முதலில் ஏறு, அப்புறம் நட.

சுமாராகச் சொன்னால் திருநெல்வேலி 8.73, 77.70. தூத்துக்குடி 8.76, 78.13. தென்காசி 8.96, 77.31. கன்னியாகுமரி 8.08, 77.55. திருச்செந்தூர் 8.50, 78.12. இதை அப்படியே எக்ஸ், ஒய் என்று எடுத்து வரைந்தால் தூத்துக்குடிக் கடல் தாளின் மேல்பக்கம் போய்விடும், மேற்குத் தொடர்ச்சி மலை அடியில் வந்து படுத்துக்கொள்ளும்.

சரியாக வரைய ஒரு வழி இருக்கிறது. திருநெல்வேலியை ஆதிப்புள்ளியாக வையுங்கள். மற்ற ஊரின் எண்ணிலிருந்து திருநெல்வேலி எண்ணைக் கழியுங்கள். நம்ம ஊர்ப் பக்கம் அட்சரேகை ஒரு டிகிரிக்கு சுமார் 111 கிலோமீட்டர், தீர்க்கரேகை ஒரு டிகிரிக்கு சுமார் 110. ரெண்டுக்கும் 110 என்றே வைத்துக்கொண்டால் பெரிய வித்தியாசம் வராது. கிழக்கு மேற்கை முதலில் எழுதினால், கிலோமீட்டரில்:

தூத்துக்குடி (47, 3)
தென்காசி (−43, 25)
கன்னியாகுமரி (−17, −72)
திருச்செந்தூர் (46, −25)

பாருங்கள், ரெண்டு அச்சும் தாளை நாலு கால்பகுதியாகப் பிரிக்கிறது, நாலு ஊரும் நாலு கால்பகுதியில் விழுகிறது. தூத்துக்குடி முதல் கால்பகுதி, தென்காசி ரெண்டு, கன்னியாகுமரி மூன்று, திருச்செந்தூர் நாலு. எந்தக் கால்பகுதியில் எது பிளஸ், எது மைனஸ் என்று மனப்பாடம் பண்ணவே வேண்டாம், ஊரை நினைத்தால் போதும்.

தென்காசியை மட்டும் மாற்றி (25, −43) என்று வைக்கச் சொல்லுங்கள். குற்றாலம் பக்கம் இருக்கவேண்டிய ஊர் திசையன்விளையைத் தாண்டி எங்க ஊர்ப் பக்கம் கடலோரத்தில் வந்து நிற்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ஜிபிஎஸ்ஸில் டிகிரி, மினிட் என்று வந்தால் 8 டிகிரி 30 மினிட் என்பது 8.30 ஆகாது, 8.50. ஒரு டிகிரிக்கு 60 மினிட். இதைத் தப்பாக எடுத்தால் திருச்செந்தூர் 22 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். கடலில் 22 கிலோமீட்டர் என்பது டீசல் தீர்ந்து போகிற தூரம்.

பாளை டியூஷன் அக்கா:

எல்லாமே அருமையான உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் இன்றைக்கு "நட, அப்புறம் ஏறு" என்று சொல்லிவிட்டு நாளைக்கே "ஜிபிஎஸ்ஸில் ஏறு, அப்புறம் நட" என்றால் தேர்வு அறையில் எதை நினைப்பாள்? நான் பார்த்த வரைக்கும் பிள்ளைகள் கோட்டைவிடுவது இங்கேதான். பாடம் முதலில் உறுதியாகட்டும். மற்றது அப்புறம்.

அம்பை வாத்தியார்:

டியூஷன் அக்காவின் பயம் எனக்குப் புரிகிறது. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். அந்தப் பிள்ளை "யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் இருபது புள்ளி வைக்கச் சொன்னால் கை பழகும், கேள்வி அப்படியே கிடக்கும்.

உண்மையான பதில் இதுதான்: யாரும் இயற்கையில் கண்டுபிடித்துச் சொன்னது இல்லை, எல்லாரும் கூடி ஒத்துக்கொண்டது. ஆயத்தொலைவு முறைக்கு டெகார்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம், கார்ட்டீசியன் தளம் என்று. அவர் 1637ல் வெளியிட்ட நூலில் இன்று நாம் வரைகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ரெண்டு அச்சும் நாலு கால்பகுதியும் இருக்காது. அதே காலத்தில் ஃபெர்மா என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரும் இதே யோசனைக்குத் தனியாக வந்து சேர்ந்தார். எதிர்மறைப் பக்கங்களையும் சேர்த்து முழுத் தளமாக்கியது பின்னால் வந்தவர்கள். டெகார்ட் படுக்கையில் கிடந்து கூரையில் ஈ ஊர்வதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்ற கதையை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது.

சாலையில் இடது பக்கம் போவது மாதிரிதான் இது. வலது பக்கம் போகிற நாடுகளும் இருக்கின்றன. ஆனால் ஒரே சாலையில் ஆளுக்கொரு பக்கம் போக முடியாது. அதனால் பாடத்தில் எக்ஸ் முதலில், ஜிபிஎஸ்ஸில் அட்சரேகை முதலில். எந்தச் சாலையில் போகிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையால் இது முடியும் அக்கா. நம்பிச் சொல்லலாம்.

மார்கழிவாசல்:

நான் கல்லிடைக்குறிச்சி. கணக்கு வாத்தியார் எல்லாம் இல்லை, கோலம் போடுகிறவள். இந்த இழையைப் படித்ததும் என் பேத்தியோடு உட்கார்ந்து வரைபடத்தாளில் கோலப்புள்ளி வைத்துப் பார்த்தேன். கோலத்தில் யாரும் கட்டத்துக்குள் புள்ளி வைப்பதில்லை, ஏனென்றால் கட்டமே கிடையாது, புள்ளிதான் இருக்கிறது.

7ல் தொடங்கி 1ல் முடிகிற நேர்ப்புள்ளி. நடுப்புள்ளியை ஆதிப்புள்ளி ஆக்கினோம். நடு வரிசையில் −3 முதல் 3 வரை ஏழு. அடுத்த வரிசை மேலேயும் கீழேயும் −2 முதல் 2 வரை அஞ்சஞ்சு. அப்புறம் மும்மூன்று, அப்புறம் ஒவ்வொன்று. மொத்தம் 25. பேத்தி ஒன்றைக் கண்டுபிடித்தாள். மைனஸை விட்டுவிட்டு ரெண்டு எண்ணையும் கூட்டினால் எந்தப் புள்ளியிலும் 3க்கு மேல் போகவில்லை. (−2, 1) கூட்டினால் 3, புள்ளி உண்டு. (2, 2) கூட்டினால் 4, அங்கே புள்ளி இல்லை. நாற்பது வருஷமாகப் போடுகிற கோலம், எனக்கு இது தெரியாது.

அம்பை வாத்தியார்:

அம்மா, படித்து ரொம்ப சந்தோஷம். பேத்திக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனத்தில் வைக்கவேண்டும். இந்தக் கோலத்தில் (3, 0)ஐ மாற்றி (0, 3) என்று வைத்தாலும் அங்கேயும் ஒரு புள்ளி இருக்கும். எந்தப் புள்ளியை மாற்றினாலும் கோலம் கலையாது, அதனால் வரிசை மாறின தப்பை இந்தக் கோலம் காட்டிக்கொடுக்காது. கட்டமா கோடா என்ற குழப்பத்துக்கு இது நல்ல மருந்து. எது முதலில் என்பதற்கு நில அளவை அய்யா கொடுத்த வாய்க்கால் கரைதான் வேண்டும்.

மார்கழிவாசல்:

அப்படியானால் இடைப்புள்ளி போட்டுப் பார்க்கிறேன் சார். 7ல் தொடங்கி 4ல் நிற்கிறது. அதில் அடுத்த வரிசைப் புள்ளி ரெண்டு புள்ளிக்கு நடுவில் விழுமே, தாளில் எங்கே வைப்பது? அரை அரையாக வருகிறது.

அம்பை வாத்தியார்:

படுக்கை வாட்டில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் ரெண்டு அலகு விடுங்கள் அம்மா. நடு வரிசை −6, −4, −2, 0, 2, 4, 6. அடுத்த வரிசை −5, −3, −1, 1, 3, 5. அரை வராது. நிற்கிற வாட்டில் வரிசைக்கு ஒரு அலகு போதும். மொத்தம் 37 புள்ளி. ரெண்டு எண்ணையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், எங்கேயும் ஒற்றைப்படை வராது. இதில் (6, 0)ஐ மாற்றினால் (0, 6), அங்கே புள்ளியே கிடையாது. மாட்டிக்கொள்ளும்.

தென்காசி சாரல்:

சின்னதாக ஒன்று. நான் மென்பொருள் வேலை. கணினித் திரையில் ஆதிப்புள்ளி இடது மேல் மூலையில் இருக்கும். எக்ஸ் வலது பக்கம் கூடும், ஒய் கீழே போகப் போகக் கூடும். அதாவது பனையே கிடையாது, எல்லாம் கிணறு. வேலையில் சேர்ந்த புதிதில் நான் வரைந்த படம் தலைகீழாக வந்து ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். எந்தச் சாலை என்று முதலில் பார்க்கவேண்டும் என்று சார் சொன்னது எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாளை டியூஷன் அக்கா:

சரி, நான் சொன்னதில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். நேற்று என் பிள்ளைகள் பதினோரு பேருக்கும் நாலு ஊர்க் கணக்கைக் கொடுத்தேன். மூன்று பேர் தென்காசியைக் கடலோரம் கொண்டு போனார்கள். யாரும் சொல்லாமலே தப்பு என்று அவர்களுக்கே தெரிந்தது. வெறும் (−43, 25) என்று கொடுத்திருந்தால் நான் பெருக்கல் குறி போடும் வரைக்கும் தெரிந்திருக்காது. இது பெரிய விஷயம்.

தேர்வுக்கு வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மதிப்பெண்ணும் வேண்டும். அளவுத்திட்டத்தை, அதாவது ஒரு சென்டிமீட்டர் எத்தனை அலகு என்பதை, தாளின் ஓரத்தில் எழுத வேண்டும், ரெண்டு அச்சுக்கும் தனித்தனியாக. அச்சுக்குப் பெயரும் அம்புக்குறியும் வேண்டும். புள்ளிக்குப் பக்கத்திலேயே அதன் எண் சோடியை எழுத வேண்டும். பென்சில் கூராக இருக்கட்டும், மழுங்கின பென்சிலில் புள்ளி ஒரு சின்னக் கட்டத்தையே மூடிவிடும். பத்தாம் வகுப்பில் எக்ஸின் வர்க்கத்திலிருந்து 4ஐக் கழித்து ஒய் கண்டுபிடிக்கிற மாதிரி வரும்போது, −3க்கு வர்க்கம் 9, ஒய் 5. பிள்ளைகள் −9 என்று எடுத்து −13 கொண்டுவருவார்கள். புள்ளிகள் வளைவாக வரிசையில் நிற்கும்போது ஒன்று மட்டும் விலகி நின்றால் அதை இழுத்துச் சேர்க்கக் கூடாது. அட்டவணைக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

பொருநைக்கரை:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், கடையில் பண்டிகை வியாபாரம்.

மகள் வாய்க்கால் கரைக் கணக்கைப் போட்டாள். 450 வந்தது. அப்புறம் (14, 25) வைத்துப் பார்த்தாள். தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது அடுத்தவங்க வயல் அப்பா" என்றாள். அதற்குப் பிறகு ஒரு புள்ளி மாறவில்லை. நாலு ஊரையும் வரைந்து, தானாகவே சங்கரன்கோவிலையும் சேர்த்திருக்கிறாள். போன வார வகுப்புத் தேர்வில் பத்துக்குப் பத்து.

இப்போது புதுசாக ஒன்று பிடித்துக்கொண்டாள். சேரன்மகாதேவிப் பக்கம் எங்க அப்பாவுக்கு ஒரு துண்டு வயல் இருக்கிறது, வாய்க்காலை ஒட்டினது. ஞாயிற்றுக்கிழமை போய் அளந்து தாளில் வரைய வேண்டுமாம், பட்டாவில் இருக்கிற சென்ட்டோடு ஒத்து வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். என்னிடம் 30 மீட்டர் டேப் இருக்கிறது. செங்கோணம் எப்படிப் பிடிப்பது? நில அளவை அய்யா சொல்லவேண்டும்.

கல்லும் சங்கிலியும்:

தாராளமாகச் செய்யுங்கள். கருவி எதுவும் வேண்டாம். பன்னிரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கயிறு எடுத்து, 3 மீட்டரில் ஒரு முடிச்சு, அங்கிருந்து 4ல் ஒன்று, அங்கிருந்து 5ல் ஒன்று. கடைசி முடிச்சைத் தொடக்கத்தோடு சேர்த்து மூன்று பேர் முடிச்சில் பிடித்து இழுத்தால் 3க்கும் 4க்கும் நடுவில் இருக்கிற மூலை செங்கோணம். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுமுன் மூலை பிடிப்பதும் இப்படித்தான். 3 மீட்டர்ப் பக்கத்தைக் கல்லுக்குக் கல் பிடித்த கோட்டின் மேல் வையுங்கள், 4 மீட்டர்ப் பக்கம் கரையைப் பார்த்து நிற்கும்.

கோட்டை நூல் கட்டி நேராக்குங்கள், டேப் தொய்யக் கூடாது. கரை எங்கெல்லாம் திரும்புகிறதோ அங்கெல்லாம் ஒரு புள்ளி, எவ்வளவு நெருக்கமாக எடுக்கிறீர்களோ அவ்வளவு சரியாக வரும். எண்ணை மகளே எழுதட்டும், நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள், நடந்தது முதலில். பிசானப் பட்டத்து நெல் நாற்று நட்டிருந்தால் வரப்பில் மட்டும் நடங்கள். பட்டாவுக்கும் உங்கள் கணக்குக்கும் கால் சென்ட், அரை சென்ட் வித்தியாசம் வரத்தான் செய்யும். அதற்கு மேல் வந்தால் அளவை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பொருநைக்கரை:

கயிறு வாங்கியாச்சு அய்யா. முடிச்சை அவளே போட்டு வைத்திருக்கிறாள். மூணாவது முடிச்சைப் பிடிக்க எங்க அப்பா வருகிறார்.